அம்மா கேட்ட ஒரு சுற்று

"கயாவில் பிண்டம் போட்டுட்டு, பக்கத்திலேயே புத்தர் உட்கார்ந்த அரசமரத்தையும் எனக்காக ஒரு சுற்று சுற்றிட்டு வா." அம்மா போய் இரண்டு வருடம் கழித்து, இந்த மாசியில்தான் அது நிறைவேறியது.

அவளுக்கு அரசமரம் என்றால் அப்படியொரு பக்தி. ஏழு வருடம் குழந்தை இல்லாமல், திங்கட்கிழமை அமாவாசை வந்தாலே ஊர்ப் பிள்ளையார் கோயில் அரசமரத்தை 108 முறை சுற்றி என்னைப் பெற்றவள்.

கயா ஸ்டேஷனில் இறங்கியதும் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஊர் என்ன, கோத்திரம் என்ன, எத்தனை பிண்டம் என்று பையைப் பிடித்து இழுத்தபடியே கேள்வி. துக்கத்தோடு வருகிறவனிடம் இப்படிப் பேரம் பேசலாமா? மனசு நொந்துதான் பல்குனிக் கரைக்குப் போனேன்.

விஷ்ணுபாதம் கோயிலில் மாத்ரு ஷோடசி. பதினாறு பிண்டமும் அம்மாவுக்கே. சாஸ்திரிகள் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். "உங்களுக்காகக் கசப்பு மருந்து குடிச்சாளே, அதுக்கு இது. ராத்திரி நீங்க நனைச்ச துணியிலேயே படுத்துண்டாளே, அதுக்கு இது." நீங்கள் நோயில் கிடந்தபோது அழுதாளே என்றபோது என்னால் முடியவில்லை. எட்டு வயதில் டைபாய்டு வந்து கிடந்தேன். கண் விழிக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் தெரியும். கையில் இருந்த பிண்டத்தை வைக்காமலே உட்கார்ந்திருந்தேன். சாஸ்திரிகள் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு ஆயுசு நூறு.

அக்ஷயவடம் என்ற ஆலமரத்தடியில், பிடித்ததை இனிச் சாப்பிடுவதில்லை என்று விட்டுவிடும் வழக்கப்படி, சேப்பங்கிழங்கை விட்டேன். அவள் கையால் சாப்பிட்டது போதும்.

மறுநாள் 12 கி.மீ. தள்ளிப் புத்தகயா. அங்கே ஓடும் நிரஞ்சனா நதிதான் மோகனாவோடு சேர்ந்து கயாவில் பல்குனியாக வருகிறது. புத்தர் குளித்த ஆற்றில்தான் நேற்று நான் தர்ப்பணம் செய்திருக்கிறேன்!

ஆனாலும் மரத்தடியில் ஒரு கேள்வி உறுத்தியது. வேதத்தை யாரும் இயற்றவில்லை, அதற்கு ஆரம்பமே இல்லை என்பது நம் நம்பிக்கை. பௌத்தத்துக்கோ ஒரு மனிதர், ஒரு மரம், விழித்தெழுந்த ஓர் இரவு என்று ஆரம்பம் உண்டு. நம்மில் பலர் அவரைத் தசாவதாரத்தில் சேர்க்கிறார்கள். பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை. வினையும் மறுபிறவியும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் பிறவிதோறும் தொடர்கிற நிலையான ஆத்மா என்று எதுவும் இல்லை என்றார் அவர். அப்படியானால் நேற்று வைத்த பதினாறும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன?

பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு வயதான அம்மா. கண்டியிலிருந்து வந்த சிங்களவர், தமிழும் பேசினார். கேட்டே விட்டேன். "நாங்களும் செத்த அம்மாவுக்குக் கொடுப்போம் மகன். தானம் செஞ்சு, தண்ணி ஊத்தி, அந்தப் புண்ணியத்தை அவங்களுக்குக் கொடுப்போம்" என்றார். பிறகு மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "புத்தருக்கு ஏழு நாள்ல அம்மா செத்துட்டாங்க. அவரே பிறகு தேவலோகம் போய் அம்மாவுக்குத் தர்மம் சொன்னாரு."

அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இந்த மரம் 1881-ல் நட்டது, பழைய மரத்தின் வழி வந்தது என்கிறார்கள். இருக்கட்டும். ஊரில் அம்மா சுற்றியதும் இதே அரசுதானே! விஷ்ணுவே, புத்த பகவானே, இங்கே கொண்டுவந்து நிறுத்தினீர்களே, என் அம்மாவை நன்றாக வைத்திருங்கள்.

கோயிலையும் மரத்தையும் சேர்த்துத்தான் அங்கே சுற்ற முடியும். நாலு மணிக்கு ஆரம்பித்தேன். அம்மா கேட்டது ஒரு சுற்று. 108-ஐயும் முடித்து வெளியே வரும்போது நடை சாத்தும் நேரமாகிவிட்டது.