எச்பிஏ1சி 6.7 என்று வந்த பிறகு

கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன், வயது 61. ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் கோடையிலிருந்தே உடம்பில் ஒரு களைப்பு இருந்துகொண்டே இருந்தது. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும். இரவில் படுத்தால் காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கும். வெயில், வயது, வேலையில்லாத சோம்பல் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சென்னையில் இருக்கும் மகள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் ‘முழு உடல் பரிசோதனை’க்குப் பதிவு செய்தாள். மறுநாள் கைப்பேசிக்கு வந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக எண்கள். அவற்றில் சிவப்பு எழுத்தில் தனித்துத் தெரிந்தவை ஹீமோகுளோபின் 8.9, தைராய்டுக்கான டிஎஸ்எச் 5.9, எச்பிஏ1சி 6.7. கடைசிப் பக்கத்தில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அச்சிட்டிருந்தார்கள். அன்று மாலையே அந்த லேபின் உணவு ஆலோசகர் அழைத்து, அரிசியை நிறுத்திவிட்டுத் தாங்கள் விற்கும் சத்துமாவை வாங்கிக்கொள்ளும்படி நெடுநேரம் பேசினார். ஹீமோகுளோபினைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-உம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்பது பொதுவான அளவுகோல். அந்தக் கணக்குப்படி லேப் அச்சிட்டதில் பிழை இல்லை. ஆனால், அதே அறிக்கையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 102 தான் இருந்தது. நீரிழிவு என்று சொல்ல அது 126 ஆக இருக்க வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண், அடுத்த வீட்டுக்காரருக்குச் சோதிக்க வந்தபோது என் விரலையும் குத்திப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு 131. ஒன்றோடொன்று பொருந்தாத இந்த எண்கள்தான் என்னைச் சர்க்கரை மருத்துவரிடம் நேரே போகவிடாமல், மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துச் சென்றன. எனக்கிருந்த தொல்லை களைப்பு. அது எந்த உறுப்பினால் வருகிறது என்று தெரியாதபோது, உடல் முழுவதையும் சேர்த்துப் பார்ப்பவரிடம் போவதே சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் சந்திப்பில் அவர் எடுத்தவுடனே பரிசோதனை எதையும் எழுதவில்லை. அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகங்களையும் நாக்கையும் பார்த்தார். படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே மண்ணீரலைத் தடவிப் பார்த்தார். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்துப் பிரஷர் எடுத்து, பின்பு நிற்கவைத்தும் எடுத்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது லேசான இரைச்சல் கேட்பதாகவும், ரத்தசோகையில் ரத்தம் வேகமாக ஓடுவதாலும் அப்படிக் கேட்கலாம் என்பதால் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். பிறகு கேள்விகள். மலம் கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று, “அம்மா, பச்சரிசியை வாயில் போட்டு மெல்லும் பழக்கம் உண்டா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி வாய்க்குப் போவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, சாம்பல், ஐஸ்கட்டி, மண் என்று இப்படி ஓர் ஆசை வருமாம்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார். முழங்கால் வலிக்காக ஓர் எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுத்து, வலி வரும்போதெல்லாம் நான் சாப்பிட்டுவந்த அசெக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையின் அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். அன்றே அதை நிறுத்திவிட்டு, வலி பொறுக்க முடியாதபோது மட்டும் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

பிறகுதான் அறிக்கையைத் திருப்பினார். ஹீமோகுளோபின் 8.9 என்பதற்குக் கீழே எம்சிவி 68 என்றும், தட்டணுக்கள் 4.6 லட்சம் என்றும் இருந்தன. எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80-க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறு பிறவியிலேயே இருந்தாலும் அவை சிறுக்கலாம், ஆனால் அதில் அணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது. எனக்கு எண்ணிக்கையும் குறைந்திருந்தது. எச்பிஏ1சி கூடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அந்தக் காலத்தில் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. இரும்புச்சத்து இல்லாதபோது புது அணுக்கள் உருவாவது குறைந்து, ரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடிவிடுகிறது. நெடுநாள் கொடியில் கிடந்த துணியில் தூசு கூடுதலாகப் படிந்திருப்பதைப் போல, அவற்றில் சர்க்கரையும் கூடுதலாக ஒட்டியிருக்கும். “முதலில் ரத்தம் ஏன் குறைந்தது என்று பார்ப்போம். சர்க்கரை எங்கும் ஓடிவிடாது” என்று சொல்லிவிட்டு, அதன் பிறகே சீட்டை எடுத்தார்.

சீட்டில் எழுதியவை கொஞ்சந்தான்: ஃபெரிட்டின், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் ஸ்மியர், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீர், ஈசிஜி, குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுப்பதும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு முந்தைய மூன்று நாட்களும் சோற்றைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். இரவு முழுவதும் பட்டினி. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலையில் ஒருமுறை ரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டும்; எலுமிச்சை பிழிந்துகொள்ள அனுமதித்தார்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைக்குப் போய்வருகிறேன் என்று எழுந்த ஒருவரை லேப் பெண் விடவில்லை. நடந்தால் சர்க்கரை செலவாகி அளவு மாறிவிடும் என்றார். ரத்தம் நிரப்பிய குழாய்களுக்கு வெவ்வேறு நிறத்தில் மூடிகள் இருப்பது ஏன் என்று அந்த நேரத்தில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாம்பல் நிற மூடி சர்க்கரைக்கு. எடுத்த பிறகும் குழாய்க்குள் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும் என்பதால் அதைத் தடுக்கும் ஃபுளோரைடு அதில் இருக்கிறது. ஊதா நிற மூடி அணுக்களின் எண்ணிக்கைக்கும் எச்பிஏ1சிக்கும்.

முடிவுகளில் ஃபெரிட்டின் 6. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் இந்த அளவு இவ்வளவு தாழ்ந்தால் வேறு விளக்கத்துக்கு இடமில்லை. குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பின் 146. நீரிழிவுக்கு 200 வேண்டும், 140 முதல் 199 வரை முன்நிலை. ஈசிஜியில் துடிப்பு வேகமாக இருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. டிஎஸ்எச் சற்றுக் கூடியிருந்தாலும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் சரியாக இருந்ததால், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்காமல் தைராய்டு மாத்திரை தொடங்க மாட்டேன் என்றார். மலத்தில் ரத்தம் இருந்தது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் இரும்புச்சத்துக் குறைவு வந்தால், மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல் உணவுப்பாதையில் எங்கே கசிகிறது என்று தேடியே ஆக வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொன்னார். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவைதான், ஆனால் கசிவை அவை அடைக்காது.

கேமராக் குழாயால் இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கும், பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கும் புதுச்சேரிக்குக் கடிதம் கொடுத்தார். கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் புதுச்சேரிப் பேருந்துதான். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகும் அந்த வண்டிகளில், கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்குக் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். நான் தங்கை வீடு இருக்கும் லாஸ்பேட்டைக்கு அருகில், குடலியல் மருத்துவர் ஒருவர் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். முந்தைய நாளே போய்த் தங்கையின் வீட்டில் தங்கியது பெரிய வசதி. கொலோனோஸ்கோபிக்கு முன்பு குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். குடித்த சிறிது நேரத்தில் தொடங்குவது இரவு வரை நிற்காது. அந்த நிலையில் பேருந்துப் பயணத்தை நினைத்துப் பார்க்கவும் கூடாது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டுமாம். அது மலத்தைக் கறுத்து ஒட்டச்செய்து கேமராவுக்குத் தெரியவிடாமல் செய்யும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் இரண்டு வாரம் தொடக் கூடாது. புண்ணை உண்டாக்கும் வயிற்றுக் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடக்கூடும்.

எண்டோஸ்கோபி, பயந்த அளவுக்கு இல்லை. தொண்டையில் மரக்கவைக்கும் மருந்தைத் தெளித்து, இடதுபக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கிடையே ஒரு வளையத்தைக் கொடுத்தார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் ஓங்கரிப்பு வருகிறது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அதுவும் அடங்குகிறது. கொலோனோஸ்கோபிக்கு மயக்க ஊசி போட்டதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுவதும் துணைக்கு ஆள் இருந்தே ஆக வேண்டும். பெருங்குடலில் ஒன்றும் இல்லை. இரைப்பையின் அடிப்பகுதியில் ஒரு புண் இருந்தது. அதன் ஓரத்திலிருந்து சிறு சதைத்துணுக்குகளை எடுத்து, சிலவற்றைப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றை மஞ்சள் நிறக் குப்பியில் போட, அது இளஞ்சிவப்பாக மாறியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்பதற்கு அந்த நிறமாற்றமே அடையாளம். அந்தக் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண்ணுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். துணுக்கில் புற்றுநோய் இல்லை என்ற செய்தி வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சிகிச்சை மஞ்சக்குப்பத்திலேயே நடந்தது. அமோக்சிசிலின், கிளாரித்ரோமைசின், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆகிய மூன்றும் 14 நாள், வேளை தவறாமல். கிளாரித்ரோமைசினால் வாயில் உலோகக் கசப்பு ஒன்று நாள் முழுவதும் தங்கியிருந்தது. காபியின் ருசியே போயிற்று. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்ததால் தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இரும்பை மாத்திரையாகத் தராமல் டிரிப்ஸில் ஏற்ற முடிவு செய்தார். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். அமிலத்தையோ நாமே குறைத்துக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு ஏற்றுவது என்பதை என் எதிரிலேயே சீட்டில் போட்டுக் காட்டினார்: என் எடை 56 கிலோ, எட்ட வேண்டிய ஹீமோகுளோபின் 15-க்கும் என்னுடைய 8.9-க்கும் உள்ள வித்தியாசம் 6.1, இரண்டையும் பெருக்கி, மறுபடி 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்டினால் ஏறக்குறைய 1,320 மில்லிகிராம். வங்கிக் கணக்கில் காலம் கழித்த எனக்கு, இது எல்லா விளக்கங்களையும்விட எளிதாகப் பிடிபட்டது. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற மருந்து முதல் முறை 1,000, ஒரு வாரம் கழித்து 500. ஏறி முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டே அனுப்பினார்கள்.

நான்காம் வாரம் ஹீமோகுளோபின் 11.4. அந்த முறை லேபில், சலுகை விலையில் எச்பிஏ1சியும் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்கள். வேண்டாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இரும்பு ஏறியதும் புது அணுக்கள் வெள்ளமாக வருவதால், இப்போது எடுத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முன்பு கூடுதலாகக் காட்டியது எப்படிப் பொய்யோ இதுவும் அப்படியே. ஹீமோகுளோபின் சீராகி மூன்று மாதம் போன பிறகு எடுத்ததில் 5.9 வந்தது. நீரிழிவு இல்லை, முன்நிலை. மாத்திரை எதுவும் இல்லை. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதும், நடப்பதும், ஆண்டுக்கொருமுறை சோதித்துக்கொள்வதும் போதும் என்றார். இடையில் மறுபடி எடுத்த டிஎஸ்எச் 4.1-க்கு இறங்கியிருந்தது. நெஞ்சின் இரைச்சல் கேட்காமல் போனதால் எக்கோ எடுக்கவே இல்லை.

இரைப்பைப் புண் ஆறிவிட்டதா என்பதை மட்டும் ஊகத்துக்கு விடவில்லை. எட்டு வாரம் அமில மாத்திரை சாப்பிட்டு, இரண்டு வாரம் நிறுத்தி, மீண்டும் புதுச்சேரிக்குப் போய் எண்டோஸ்கோபி செய்துகொண்டேன். புண் இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது; குப்பியின் மஞ்சள் மாறவில்லை. முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. அதற்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் மேலே பூசும் களிம்பும் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்திருக்கும் அந்தப் பயிற்சியைச் செய்தால், மஞ்சக்குப்பம் வரை நடந்துபோன நாட்களிலும் இரவில் வலி மட்டுப்பட்டிருக்கிறது.