ரிப்பேர் பண்ணும் முன் ஒரு நகல்

காலையில் ஆக்சஸ் (மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் டேட்டாபேஸ் மென்பொருள்) கோப்பைத் திறந்தால், 'அடையாளம் தெரியாத டேட்டாபேஸ் வடிவம்' என்று வந்து நின்றது. ஆறு வருடப் பதிவுகள் உள்ளே. நெஞ்சு படபடத்துவிட்டது.

கை நேராக, கோப்பைச் சுருக்கிப் பழுதுபார்க்கும் ஆக்சஸ் வசதியான 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' பக்கம்தான் போனது. நிறுத்திக்கொண்டேன். சேதமான டேபிளில் மீட்க முடியாத பதிவுகளை அது வெட்டிவிடக்கூடும், அப்புறம் தேடினாலும் கிடைக்காது. அதனால் முதலில் பென்டிரைவில் ஒரு நகல். சோதனையெல்லாம் அந்த நகலில் மட்டும்.

ரிப்பேருக்குப் பிறகு கோப்பு திறந்தது, ஆனால் படிவங்கள் தடுமாறின. புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கி, டேபிள்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்தேன். ஒரு டேபிளைத் தவிர எல்லாம் முழுசாக வந்தன. அதைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்தேன். அப்பாடா!

வைஃபை வழியாக இரண்டு பேர் ஒரே கோப்பில் வேலை செய்தோம், நடுவில் இணைப்பு அறுந்தது. கோப்பு சேதமானதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு எந்தக் கோப்புமே திறக்கவில்லை என்றால் பழுது ஆபீஸ் மென்பொருளில் இருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் முதலில் 'குயிக் ரிப்பேர்', சரியாகாவிட்டால் 'ஆன்லைன் ரிப்பேர்'. இரண்டாவதற்கு இணையம் வேண்டும், நேரமும் பிடிக்கும்.

மறுபடி இப்படி ஆகக் கூடாதென்று, இப்போது டேபிள்களைத் தனிக் கோப்பாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.