அந்திபோலோ மாதா: கடல் கடப்பவர்களின் வழித்துணை

பிலிப்பைன்ஸிலிருந்து வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறவர்களில் பலர், மணிலா விமான நிலையத்துக்கு வண்டி ஏறும் முன் கிழக்கே இருக்கும் ஒரு மலையூருக்குப் போய்வருவார்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாம் கைப்பையிலேயே இருக்கும். சியெரா மாத்ரே மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகளில், ரிசால் மாகாணத்தில் அமைந்த அந்த ஊரின் பெயர் அந்திபோலோ. அமைதிக்கும் நல்ல பயணத்துக்கும் அன்னையாக மாதா அங்கே கோயில் கொண்டிருக்கிறார். போகும்போது துணை கேட்பார்கள். திரும்பி வந்ததும் நன்றி சொல்வார்கள். வர முடியாதவர்களுக்காக, வீட்டில் இருக்கிறவர்கள் வந்து பீடத்தின் முன் நிற்பார்கள்.

இந்த மாதாவை எனக்கு அறிமுகப்படுத்திய ஊர் துபாய். மருத்துவமனையில் என்னோடு பணியாற்றிய மூத்த பிலிப்பினோ செவிலியர் ஒருவரை நாங்கள் எல்லோரும் அவர்கள் வழக்கப்படி 'ஆத்தே' என்றுதான் அழைப்போம், அக்கா முறை. அவருடைய அலமாரிக் கதவின் உட்புறம் இரண்டு படங்கள் ஒட்டியிருக்கும். ஒன்றில் பள்ளிச் சீருடையில் அவருடைய பிள்ளைகள். மற்றொன்றில் விரிந்த பொன்னாடையும் கிரீடமும் அணிந்த, கரிய முகமுடைய மாதா. இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் இரண்டு படங்களையும் விரலால் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்.

ஊத் மேத்தா பகுதியில் உள்ள புனித மரியாள் ஆலயத்தில் நாங்கள் தமிழ்த் திருப்பலிக்குப் போவோம். பிலிப்பினோக்கள் தங்கள் மொழியான தகலோக் திருப்பலிக்கு வருவார்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் நடக்கும் 'சிம்பாங் காபி' வழிபாட்டில்தான் அந்த மக்களின் பக்தி எவ்வளவு ஆழமானது என்பதைக் கண்டேன். ஸ்பானியர் காலத்தில், உழவர்கள் வயலுக்கு இறங்கும் முன் கலந்துகொள்வதற்காக விடியலுக்கு முன்பே வைக்கப்பட்ட திருப்பலி அது. வளைகுடாவில் வேலை நேரத்துக்கு ஏற்ப மாலையில் நடக்கும். பன்னிரண்டு மணி நேரப் பணியை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நிற்பார்கள். நட்சத்திர விளக்குகளுக்குக் கீழே அவர்கள் பாடும்போது பாலைவனத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

ஆத்தே பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது என்னை அழைத்தார். "ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இனி நான் எங்கும் போகப் போவதில்லை என்பதையும் அவரிடமே சொல்ல வேண்டும். நடந்தே போகிறேன். நீயும் வா" என்றார். மகளும் செவிலியர் படிப்பை முடித்து ஜெர்மனிக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். தாய்க்கு நன்றி நேர்ச்சை, மகளுக்கு வழியனுப்பு. இரண்டும் ஒரே நடையில்.

அந்திபோலோவுக்கு நடப்பவர்கள் கூடும் இரவுகள் ஆண்டில் இரண்டு. ஒன்று பெரிய வியாழன் இரவு. மற்றொன்று ஏப்ரல் 30 இரவு. மே மாதத் திருப்பயணக் காலத்தைத் தொடங்கி வைக்கும் நடை அது. நாங்கள் இரண்டாவதில் சேர்ந்தோம். மணிலாவின் கியாப்போ ஆலயத்திலிருந்து கிளம்ப வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்த கரிய நாசரேயர், சிலுவை சுமக்கும் இயேசு, அங்கே இருக்கிறார். ஜனவரி 9 அன்று அவருடைய தேர் வீதிக்கு வரும்போது வடத்தைத் தொடுவதற்கு லட்சக்கணக்கானோர் முண்டுவார்கள். நாங்கள் போன மாலையில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள் நிறம் நிறமாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேண்டுதல். ஆத்தே பச்சை ஒன்று வாங்கி மகள் கையில் கொடுத்தார்.

இருட்டத் தொடங்கியதும் நடை புறப்பட்டது. செபமாலை ஒலிபெருக்கியில் முன்னே போக, அதன் பின்னால் நாங்கள். தலையில் துண்டு கட்டிய முதியவர்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்ட தகப்பன்மார், வெறுங்காலுடன் நேர்ச்சை நடப்பவர்கள், கைப்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டு வந்த கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் தகலோகில் 'அபா கினோஓங் மரியா' என்று தொடங்க, நான் 'அருள் நிறைந்த மரியே' என்று முடித்துக்கொண்டேன். ஆகஸ்ட் கடைசியில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களோடு சிறுவயதில் நானும் நடந்திருக்கிறேன். வழியில் யாரென்றே தெரியாதவர்கள் தண்ணீர் நீட்டும் வழக்கம் இங்கேயும் அப்படியே இருந்தது.

எட்சா நெடுஞ்சாலையும் ஒர்திகாஸ் சாலையும் சந்திக்கும் முனையில் இன்னொரு மாதா கோயில் இருக்கிறது. 1986 பிப்ரவரியில், அதிபர் மார்க்கோஸின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த மக்கள் எழுச்சியில், செபமாலை ஏந்திய பெண்கள் ராணுவ டாங்கிகளை மறித்து நின்ற சாலை இது. அதன் நினைவாக எழுப்பிய ஆலயம். நடப்பவர்கள் நின்று ஒரு செபம் சொல்லிவிட்டுத் தொடர்கிறார்கள்.

அதைத் தாண்டி வெகுதூரம் நடந்தால் கைந்தா வருகிறது. இந்த ஊரில் என் கால்கள் தாமாகவே நின்றன. 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கக் கப்பல் ஏறிய இடம் நம் மதராஸ். அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் ஆங்கிலேயர் மணிலாவைவிட்டு வெளியேறியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. கைந்தாவிலும் பக்கத்து ஊரான தாய்தாயிலும் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். நள்ளிரவில் அடைத்த கடைகளின் வரிசையைப் பார்த்தபடி, சோழமண்டலக் கரையில் மகன் திரும்பி வருவான் என்று காத்திருந்த தாய்மார்களை நினைத்தேன். அவர்களுக்கு யாரும் கடிதம் எழுதியிருக்கமாட்டார்கள். அன்றைய செபமாலையில் ஒரு பத்து மணியை அவர்களுக்காகச் சொன்னேன்.

தாய்தாயைக் கடந்ததும் ஏற்றம். கால் கடுக்கத் தொடங்கும் இடம் இதுதான். ஆனால் மலைக்காற்றும் இங்கேதான் வீசுகிறது. வளைவில் திரும்பிப் பார்த்தால் மணிலாவின் விளக்குகள் அடிவாரம் முழுவதும் பரந்து கிடக்கின்றன. மகள் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அங்கே போய் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றாள். ஆத்தே பதில் எதுவும் சொல்லாமல் அவளுடைய காலணியைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார்.

இந்த மாதாவை நம்பி ஏன் இத்தனை பேர் கடல் கடக்கிறார்கள் என்பதற்கு அவருடைய வரலாறே பதில். 1626-இல் மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்திலிருந்து ஸ்பானிய ஆளுநர் ஹுவான் நீன்யோ தே தபோரா இந்தச் சுரூபத்தைக் கப்பலில் கொண்டுவந்தார். ஆளுநர் 1632-இல் இறந்த பிறகு அது அந்திபோலோவின் இயேசு சபைக் குருக்களிடம் வந்து சேர்ந்தது. ஆலயம் கட்டிக்கொண்டிருந்தபோது சுரூபம் அடிக்கடி மறைந்து, அருகிலிருந்த ஒரு திப்போலோ மரத்தின் மேல் தென்படுமாம். பலா இனத்தைச் சேர்ந்த மரம் அது. ஊருக்குப் பெயரும் அதனால்தான். அந்த இடத்திலேயே ஆலயம் எழுப்பி, அந்த மரத்தின் அடிமரத்தைக் கொண்டே சுரூபத்துக்குப் பீடம் செய்தார்கள். நம் ஊர்த் தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய வணிகக் கப்பல்களில் காவலாக இந்தச் சுரூபத்தைப் பலமுறை ஏற்றிச் சென்றார்கள். பசிபிக்கில் புயலிலும் நோயிலும் கப்பல்கள் அழிந்த காலம். மாதா ஏறிய கப்பல்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. நல்ல பயணத்தின் அன்னை என்ற சிறப்பு அப்படித்தான் நிலைத்தது. தீவு தீவாகச் சிதறிய நாட்டின் மக்கள், தங்களைப் போலவே அலையில் அல்லாடிய ஒரு தாயிடம் போவதில் எனக்குப் பெரிய ஆறுதல் தெரிகிறது. பிரிவை அறிந்தவரிடம்தானே பிரிவைச் சொல்ல முடியும்?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை ஆலயத்தில் முகாமிட்டபோது, கோயில்பிள்ளை சுரூபத்தைக் கம்பளியில் சுற்றி, காலியான பெட்ரோல் பீப்பாய்க்குள் வைத்துச் சமையற்கட்டில் புதைத்துவிட்டார். பிறகு மக்களோடு சேர்ந்து மாதாவும் அகதியாக மலையிலும் ஊர்களிலும் அலைந்தார். 1945-இல் குண்டுவீச்சில் பழைய ஆலயம் அழிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று மாதா வீடு திரும்பினார். இப்போதுள்ள வெண்ணிறக் குவிமாட ஆலயம் 1954-இல் எழுந்தது. 2024 ஜனவரியில் இது பன்னாட்டுத் திருத்தலமாக அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் திருத்தலம் இதுவே.

விடியற்காலையில் ஆலயத்துக்குள் நுழைந்தபோது நிற்கக்கூட இடமில்லை. மே 1, உழைப்பாளர் தினமும் அன்றுதான். வெளிநாட்டில் உழைப்பவர்களுக்காகத் தனியாக ஒரு மன்றாட்டு வைத்தார்கள். 1974-இல் வந்த தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாடு அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. இன்று அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்குகிறது; 2024-இல் மட்டும் வங்கிகள் வழியாக வந்தது 3,400 கோடி டாலருக்கும் மேல். 1988-இல் ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்த பெண்களிடம் பேசிய அதிபர் கொரசோன் அக்கினோ அவர்களைப் புதிய நாயகர்கள் என்று போற்றினார். போற்றட்டும். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் குழந்தையை விட்டுவிட்டு அடுத்தவர் குழந்தையைக் குளிப்பாட்டிய நாள்களுக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. அன்று அந்த மன்றாட்டின்போது என்னைச் சுற்றி அழாத முகம் இல்லை.

திருப்பலி முடிந்ததும் பீடத்தின் பின்புறம் படியேறினோம். அங்கே மாதாவின் நீண்ட மேலாடையைப் பின்னாலிருந்து தொடலாம். வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு முன்னால் ஒருவர் கைக்குட்டையை ஆடையில் ஒற்றி எடுத்து, கைத்தாங்கலாக அழைத்து வந்த தாயின் முழங்காலில் தடவினார். பிறகு நன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆத்தேயின் மகள் பாஸ்போர்ட்டை எடுத்து ஆடையின் சரிகை மேல் சில நொடிகள் வைத்திருந்தாள். ஆத்தே இரண்டு கைகளாலும் துணியைப் பற்றி, நெற்றியைப் பதித்துக்கொண்டு வாய்விட்டுப் பேசினார். அவர் சொன்னதை மகள் எனக்கு மெல்லச் சொன்னாள்: "நான் வந்துவிட்டேன் அம்மா. இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

என் முறை வந்தபோது ஊரில் இருக்கும் என் தாயின் பெயரைச் சொன்னேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

கீழே ஆத்தேயின் தாயார் காத்திருந்தார். வயதான காரணத்தால் ஜீப்னி என்னும் பொதுப் பயணிகள் வண்டியில் வந்து இறங்கியிருந்தார். ஆத்தே துபாயில் இருந்த ஆண்டுகளில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். பேத்தி அவருடைய வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்கினாள். பெரியவர்களிடம் அங்கே அப்படித்தான் ஆசி பெறுவார்கள். நானும் அவ்வாறே செய்தேன். கிழவி என் தலையில் கை வைத்து எதையோ முணுமுணுத்தார். போகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, வீடியோ அழைப்பில் அவர்களைத் தாயின் முன் உட்கார வைத்து, அழைப்பு முடிந்ததும் தேற்றி உறங்க வைத்த இந்தக் கைகளை நான் பூசிக்கத்தக்கவை என்றே நினைக்கிறேன்.

வாசலில் புதிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையில் நின்றன. கதவுகளையும் முன்மூடியையும் திறந்து வைத்திருந்தார்கள். குருவானவர் எஞ்சினிலும் இருக்கையிலும் புனித நீர் தெளித்துக்கொண்டே போனார். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலும் இங்கே நேர்ச்சையாக வந்தவர்தான். பிரசவத்தில் உயிருக்குப் போராடிய அவருடைய தாய் வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற, 1868-இல் சிறுவனான அவரைத் தந்தை அழைத்து வந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: திருப்பயணக் காலம் மே மாதம் தொடங்கி ஜூலை முதல் செவ்வாய் வரை நீள்கிறது. நடக்க முடியாதவர்கள் மணிலாவின் ரெக்தோ நிலையத்தில் நகர ரயில் ஏறினால் கடைசி நிலையம் அந்திபோலோ, 2021-இல் திறந்தது. அங்கிருந்து மேலே ஜீப்னி உண்டு. நடப்பவர்கள் தண்ணீரும் மாற்றுக் காலுறையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தைச் சுற்றிலும் முந்திரியும் மாம்பழமும் சூமானும் விற்கிறார்கள். சூமான் என்பது தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஒட்டரிசியை ஓலையில் சுற்றி அவித்தது. பழுத்த மாம்பழத்தோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். அன்று அவித்ததா என்று கேட்டு வாங்குங்கள். மே மாத வெயிலில் மறுநாளுக்குத் தாங்காது.