பித்தளைத் தோட்டா உறைகளைச் சுத்தம் செய்தல்: தூள் முறையிலிருந்து ஊசி முறைக்கு

தோட்டாக்களை மறுநிரப்பும் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம், சுட்டு முடித்த உறைகளைச் சுத்தம் செய்வது. வெடிமருந்து அளக்கும்போதும் குண்டைப் பொருத்தும்போதும் மனம் இறுக்கமாகவே இருக்கும். இதில் மட்டும் நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொரு உறையையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பதற்குத்தான் சுத்தம் செய்கிறேன் என்றே சொல்வேன். கழுத்தில் கரியும், மண்ணில் கிடந்த இடத்தில் பச்சைக் களிம்பும் படிந்திருந்தால் அதற்கு அடியில் உள்ள மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் மணல் துகள், உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சையும் கீறிவிடும்.

முதல் வேலை பிரிப்பது. காந்தத்தை உறைகளின் மேல் ஓட்டினால் எஃகு உறைகள் ஒட்டிக்கொள்ளும், அவற்றை ஒதுக்கிவிடலாம். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, பக்கவாட்டில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. உறையின் அடியில் பொருந்தி, அடிபட்டதும் தீப்பொறி தந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் பிரைமர். பெர்டானில் பழைய பிரைமரை வழக்கமான ஊசியால் தள்ளி எடுக்க முடியாது என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

ஆரம்பத்தில் உலர் முறைதான். அதிரும் கிண்ணத்தில் வால்நட் ஓட்டுத் தூளைப் போட்டு உறைகளை ஓடவிட்டேன். கரி நன்றாகப் போகிறது. அதற்குப் பிறகு, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைப் பொடித்த தூளில் கொஞ்சம் பாலிஷ் கலந்து ஓட்டினால் வெளிப்புறம் நன்றாகவே மின்னுகிறது. ஆனால் உள்சுவரும் பிரைமர் குழியும் கறுப்பாகவே இருந்தன. அதைவிட என்னை யோசிக்க வைத்தது தூசி. பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் மிஞ்சும் ஈயம் அந்தத் தூளில் சேர்ந்து, மூடியைத் திறக்கும்போதும் சலிக்கும்போதும் காற்றில் எழும்புகிறது. வெளியில் வைத்து, முகமூடி போட்டு, தூசியைப் பிடிக்க ஈரக் காகிதத் துண்டுகளையும் உள்ளே போட்டுச் செய்தேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஈர முறைக்கு மாறியதற்கு இதுதான் முதல் காரணம்.

ஈர முறையில், படுத்த வாக்கில் சுழலும் ரப்பர் பூச்சுள்ள டிரம், சிறு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகள், தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், துளி எலுமிச்சை உப்பு, இவ்வளவுதான். ஊசிகள் ஏறக்குறைய 1.2 மி.மீ. தடிமன், 6.5 மி.மீ. நீளம். பழைய பிரைமரை முன்கூட்டியே தள்ளி எடுத்துவிடுகிறேன். அப்போதுதான் ஊசிகள் பிரைமர் குழிக்குள்ளும் போய்த் தேய்க்கும், கழுவிய நீரும் உள்ளே தேங்காமல் வடியும்.

எலுமிச்சை உப்பை எவ்வளவு போடுவது என்று தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். சோப்பு மட்டும் போட்டால் கரி போகிறது, ஆனால் பித்தளை மங்கலாகவே நிற்கிறது. 9 மி.மீ. உறை ஒன்று நிறையும் அளவுக்கு எலுமிச்சை உப்பு சேர்த்ததும் புதுசு போல் மஞ்சளாக வந்தது. அளவைக் கூட்டி நீண்ட நேரம் விட்ட தொகுதி லேசாக ரோஜா நிறத்துக்குப் போனது. தோட்டா உறைக்கான பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அமிலம் மேற்பரப்புத் துத்தநாகத்தைக் கரைத்தால் செம்பு நிறம் மேலே தெரிய ஆரம்பிக்கும். அதனால் சின்ன அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மோனியா கலந்த உலோகப் பாலிஷ் எதையும் உறைகளின் பக்கமே கொண்டுபோவதில்லை. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரம், உருவாக்கும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம், மூன்றும் சேர்ந்ததால் வந்த வினை அது. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். மேலே பளபளவென்று இருக்கும் உறை உள்ளுக்குள் பலவீனமாகிவிடும் என்பதை நினைத்தால், பளபளப்புக்காக எதையும் தேய்க்கக் கை வராது.

நேரத்தைப் பொறுத்தவரை, அதிகம் ஓட்டுவதால் லாபமில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பிரைமர் குழி வரை சுத்தமாகிவிடுகிறது. மணிக்கணக்கில் விட்டால் உறைகள் ஒன்றோடொன்று மோதி, வாய் விளிம்பு லேசாக மழுங்கி உள்பக்கம் மடிகிறது. பிறகு விளிம்பைச் சீவிச் சரிசெய்யும் வேலை கூடுகிறது.

ஊசிகளைப் பிரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். தண்ணீருக்குள் வைத்தே சல்லடைக் கூடையைச் சுழற்றினால் ஊசிகள் எளிதாக உதிர்கின்றன, காற்றில் சுழற்றினால் ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பிரைமரின் தீ உறைக்குள் வரும் தீப்பொறித் துளை சுமார் 2 மி.மீ. அகலம்தான். இரண்டு ஊசிகள் சேர்ந்து நுழைந்தால் அதிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறேன், இதில் மட்டும் அவசரப்படுவதில்லை. டிரம்மிலிருந்து வரும் கறுப்பு நீரிலும் ஈயம் இருக்கும். இதற்கென்று தனி வாளி, கையுறை. சமையலறைத் தொட்டியில் கழுவுவது கிடையாது.

கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் பயன்படுத்தினேன், தண்ணீர்ப் புள்ளிகள் விழவில்லை. துணியில் உருட்டி, வாய் கீழாக வைத்து, மெல்லிய சூடான காற்றில் உலர்த்துகிறேன். சூடு 100 டிகிரிக்குள் இருந்தால் போதும். பித்தளை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும்போது இளக ஆரம்பிக்கும். அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதி இளகினால் அந்த உறை ஆபத்தானது. சமையலுக்குப் பயன்படும் அடுப்பிலும் வைப்பதில்லை.

இப்போதுதான் நான் காத்திருந்த வேலை. சுத்தமான உறையில் எல்லாம் தெரிகிறது. கழுத்தில் ஓடும் விரிசல், அடிக்குச் சற்று மேலே சுற்றிவரும் வெளிறிய வளையம். அந்த வளையம் தெரிந்தால் முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரை வருடிப் பார்க்கிறேன். பள்ளம் தட்டுப்பட்டால் உறை அந்த இடத்தில் இரண்டாகப் பிரியப் போகிறது என்று பொருள். அதை இடுக்கியால் நசுக்கிக் கழிவில் போடுகிறேன், தவறியும் நல்ல உறைகளோடு கலக்கக் கூடாது. உலர் முறையில் தேறியவை என்று எடுத்து வைத்திருந்தவற்றிலும் இப்படிச் சில அகப்பட்டன. கரி போன பிறகுதான் அவை கண்ணில் பட்டன.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. கழுத்தின் உட்புறத்தில் இருந்த மெல்லிய கரிப்படலமும் போய்விடுவதால் குண்டு உள்ளே போகும்போது பித்தளை அதிகமாகப் பிடிக்கிறது. வாய்ப்பகுதியை உலர்ந்த கிராஃபைட் தூளில் தொட்டு எடுத்துப் பார்த்தேன், குண்டு ஒரே சீராக இறங்கியது. இனி எல்லாத் தொகுதிக்கும் அப்படித்தான். அடுத்து, ஊசியில் கழுவிய பிறகு மக்காச்சோளத் தூளில் கொஞ்ச நேரம் ஓட்டினால் நிறம் மங்குவது தள்ளிப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தொகுதியைப் பாதிப் பாதியாகப் பிரித்து, மூடிய டப்பாக்களில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.