எண்கள் நீக்கப்பட்ட வரைபடம்

"அச்சுகளில் எண்களே இல்லாத இந்த வரைபடத்துக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது, சார்?" என்று, எங்களிடம் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவரின் அறிக்கையைப் பற்றி அவருடைய விரிவுரையாளர் தொலைபேசியில் கேட்டதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்த அந்த மாணவர், மின்னணுச் சில்லை (chip) அதைத் தாங்கும் தாமிரச் சட்டத்தில் ஒட்டும் பசைக்குள் குமிழ்கள் ஏன் உண்டாகின்றன என்று ஆராய்ந்தார். சூடு வேகமாக ஏறினால், பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேறும் முன்பே பசை இறுகிவிடும்; உள்ளே சிக்கிய ஆவி குமிழாகத் தங்கி, சில்லின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். இது பாடநூலில் உள்ளதுதான். ஆனால் எங்கள் அடுப்பில் எந்த வேகத்தில் அது தொடங்குகிறது என்பதை எக்ஸ்ரே படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவர் கண்டறிந்தார். அவருடைய உழைப்பு முழுவதும் அந்த எண்ணில் இருந்தது. வாடிக்கையாளருடன் நாங்கள் செய்திருந்த இரகசியக்காப்பு ஒப்பந்தம் தடுத்ததும் அதே எண்ணைத்தான். நீக்கச் சொன்னேன். "சரி அண்ணே" என்றார். அவர் வாதாடியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அவர் வேலையை அருகிலிருந்து பார்த்தவன் நான். என் சொல் போதாதா, டாக்டர்?" என்று விரிவுரையாளரிடம் கேட்டேன்.

"எனக்குப் போதும். பட்டப்படிப்பை மதிப்பிடும் அங்கீகாரக் குழு வந்தால் உங்கள் சொல்லையா கோப்பில் காட்டுவேன்?"

அவர் கேட்டது நியாயம். 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா முழு உறுப்பினரான பின், நம் பொறியியல் பட்டத்தைப் பிற உறுப்பு நாடுகள் ஏற்பது அத்தகைய சான்றுகளை நம்பித்தான். எண்களை விகிதங்களாக மாற்றிக் கொடுத்திருக்கலாம் என்று சக பொறியாளர் ஒருவர் பின்னர் சொன்னார். அடுப்பை அறிந்தவர் விகிதத்திலிருந்தே எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார் என்று இன்றும் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருப்பதாலா என்று மட்டும் தெரியவில்லை.

போட்டி நிறுவனங்கள் மாநில அரசோடும் கல்வியாளர்களோடும் சேர்ந்து 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கிய ஊர் இது. பயிற்சியைப் பகிர்ந்துகொள்வது இங்குப் புதிதல்ல. ஆயினும் அவ்வாறு பகிரப்படுவது பொதுத் திறன். தன் பொருள் எங்கே, ஏன் பழுதாகிறது என்பதை எந்த நிறுவனமும் எளிதில் வெளியே சொல்லாது. ஒரு மாணவரைப் பொறியாளராக்குவதோ பெரும்பாலும் அந்த அறிவுதான்.

இப்போது மாணவர் வருமுன்பே, வெளியிடத் தடையில்லாத தலைப்பொன்றை விரிவுரையாளரும் நானும் முடிவு செய்து கையெழுத்திடுகிறோம்: காற்றழுத்தக் குழாய்களின் கசிவு, உதிரிப்பாகக் கிடங்கின் ஒழுங்கு. அறிக்கைகள் முழுமையாக வருகின்றன, மதிப்பெண்ணும் குறைவதில்லை, எக்ஸ்ரே அறைக்குள் எந்த மாணவரும் நுழைவதுமில்லை. இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைத்தவன் நான்தான், அது சரியென்றும் வாதாடுவேன். ஆனால் அடுத்து வரும் மாணவர் அந்த அறையில் வேலை கேட்டால், மதிப்பெண் குறைந்தாலும் சம்மதமா என்று அவரிடமே கேட்டு, அந்த முடிவின் சுமையை அவர் தலையில் வைப்பது நியாயமாகுமா என்பது எனக்கு விளங்கவில்லை.