ரகசியம் தேட வேண்டாம், திதாக்கேயில் தொடங்குங்கள்

பைபிளில் சேராத ஆதிக் கிறிஸ்தவ நூல்களைத் தேடி வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரு ரகசியத்தை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். 325-இல் நிசேயாவில் (இன்றைய துருக்கியில் இருக்கிற ஊர்) ஆயர்கள் கூடி, பிடிக்காத நற்செய்திகளை எல்லாம் ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள் என்ற கதை அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. அங்கே நடந்தது வேறு. கிறிஸ்து தந்தையால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனை, பாஸ்கா (ஈஸ்டர்) தேதி, ஆயர்களுக்கான ஒழுங்குமுறைகள் என்று பேசினார்களே தவிர, எந்த நூல் உள்ளே, எது வெளியே என்று அந்தச் சங்கத்தின் விதிகளில் ஒரு வரிகூடக் கிடையாது.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலாக நமக்குக் கிடைப்பது 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா மடலில்தான். அதே மடலில் அவர், 'அப்போஸ்தலரின் போதனை' என்று பொருள்படும் ஆதிச் சபைக் கையேடான திதாக்கேயையும் 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' நூலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பட்டியலில் இல்லாவிட்டாலும் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் படிக்க ஏற்றவை என்கிறார். 4-ஆம் நூற்றாண்டின் கிரேக்க பைபிளான சினாய் கையெழுத்துப் பிரதியில் வெளிப்படுத்தலுக்குப் பிறகு பர்னபாவின் மடலும் மேய்ப்பரும் வருகின்றன. இப்படி எல்லையோரத்தில் நின்ற நூல்களை 'தடை செய்யப்பட்டவை' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவுமே புரியாது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது திதாக்கே. நூல் முழுவதும் கிடைக்காமல் போய், 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிரியென்னியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர் 1056-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றில் கண்டெடுத்தார். ஒரே மூச்சில் படித்துவிடலாம், அவ்வளவு சின்னது. ஓடுகிற தண்ணீரில் ஞானஸ்நானம் கொடு, அது இல்லையா, வேறு தண்ணீர், குளிர்ந்தது கிடைக்காவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. புதன், வெள்ளியில் உபவாசம், ஒரு நாளுக்கு மூன்று முறை கர்த்தருடைய ஜெபம். ஊருக்கு வருகிற அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி, கிளம்பும்போது காசு கேட்டாலும் அப்படியே! இதை எழுதியவர்கள் யாரிடமோ நன்றாக ஏமாந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். கோட்பாட்டுச் சண்டை எதுவும் இல்லாமல், ஒரு சின்னச் சபை தன் அன்றாடத்தை எப்படிச் சமாளித்தது என்று இவ்வளவு கிட்டத்தில் காட்டுகிற நூல்கள் குறைவு.

அப்புறம் தோமாவின் நற்செய்தி. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழி நூல் இது. மொத்தம் இயேசுவின் 114 கூற்றுகள், சிலுவை மரணக் கதையும் இல்லை, உயிர்த்தெழுதல் கதையும் இல்லை. பாதிக்கு மேல் மத்தேயுவிலும் லூக்காவிலும் படித்தது போலவே இருக்கும், மீதி தலையைச் சுற்ற வைக்கும். மத்தேயு, மாற்கு, லூக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

எதை எடுத்தாலும் எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள். பர்னபாவின் மடல் ஆதிக்காலத்தது. 'பர்னபாவின் சுவிசேஷம்' என்று சுற்றுவதோ இத்தாலிய, ஸ்பானியப் பிரதிகளில் மட்டும் கிடைக்கிற, இடைக்காலத்தின் கடைசியிலோ அதற்குப் பிறகோ எழுதப்பட்ட வேறு நூல், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.