வட்டச் சுருளின் காந்தக் கோடுகளை அட்டையில் வரவழைப்பது

அட்டையில் இரண்டு துளை, அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள், நட்டநடுவில் மட்டும் நேர்கோடு. பாடப்புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. செய்து பார்க்கப் போனால்தான் வம்பு. இரும்புத் தூள் தூவியபடியே கிடக்கும், ஒரு துகளும் திரும்பாது. ஒற்றைச் சுற்றுக் கம்பியில் 2 ஆம்பியர் விட்டால், 4 செ.மீ. ஆரமுள்ள வளையத்தின் மையத்தில் சுமார் 31 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) மட்டும்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் பூமிக் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறே 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி இருக்கிறது. பூமியே அசைக்காத தூளை இது எங்கே அசைக்கப் போகிறது?

சுற்றுகளின் எண்ணிக்கையை ஆம்பியரால் பெருக்கினால் 100-க்குக் குறையக் கூடாது. மோட்டார் வைண்டிங் கடையில் 20 கேஜ் எனாமல் கம்பி (மேலே காப்புப் பூச்சுள்ள செம்புக் கம்பி) 50 கிராம் கேளுங்கள். 7 மீட்டர் தேவை, அதன் எடை 41 கிராம்தான் வரும். வெளிவிட்டம் 75 மி.மீ. உள்ள பிவிசி குழாய்த் துண்டின் மேல் 25 சுற்று, எல்லாம் ஒரே திசையில், ஐந்தைந்தாக ஐந்து அடுக்கு. கட்டு 5 மி.மீ. தடிக்கும், சராசரி ஆரம் சரியாக 4 செ.மீ. ஆகிவிடும். நான்கு இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டுக் குழாயை உருவிவிடலாம். கம்பியின் இரு முனைகளிலும் எனாமலைப் பிளேடாலோ உப்புத்தாளாலோ செம்பு பளபளக்கும்வரை சுரண்ட வேண்டும். ‘சுருள் வேலை செய்யவில்லை’ என்ற புகாரில் பாதி இங்கேதான் முடியும்.

அட்டையில் துளை போட்டு 7 மீட்டர் கம்பியை 25 தடவை நுழைத்து எடுப்பது வீண் வேலை. ஓர் அடிச் சதுர பிளைவுட்டில், ஒரு விளிம்பிலிருந்து நடுப்பகுதிவரை, 8 செ.மீ. இடைவெளியில் 6 மி.மீ. அகலமுள்ள இரண்டு பிளவு வெட்டிச் சுருளை அதில் செருகுங்கள். பாதிச் சுருள் பலகைக்கு மேலே, பாதி கீழே. மேலே வெள்ளைத்தாள். பலகையைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு வேண்டாம், புத்தக அடுக்கு போதும்.

இந்தச் சுருளின் மின்தடை 0.18 ஓம்தான். 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாகப் பொருத்துவது ஷார்ட் செய்வதற்குச் சமம். தொடரில் 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றைப் போடுங்கள். மின்னோட்டம் தானாக 4.4 ஆம்பியர் அருகே நின்றுவிடும். மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டைவிட மலிவு, மின்சாரம் ஓடுகிறதா என்பதும் எரிவதிலேயே தெரியும். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இதைத் தாங்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். சுருள் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். பல்புதான் கையைச் சுடும்.

தூளை மெல்லிய துணியில் முடிந்து, தாள் தெரியும் அளவுக்கு மட்டும் உதறுங்கள். மின்னோட்டம் ஓடும்போதே பலகையின் ஓரத்தைப் பென்சிலால் தட்ட வேண்டும். அடர்த்தியாகத் தூவினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதிகம் தட்டினால் தூள் கம்பிப் பக்கம் நகர்ந்து நடுப்பகுதி வெறிச்சோடும். நடுவில் புலமே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை; புலம் எங்கே வேகமாக மாறுகிறதோ அங்கேதான் தூள் இழுபடும்.

திசையைத் தூள் சொல்லாது, காந்த ஊசிதான் சொல்லும். வலக்கை விரல்கள் மின்னோட்டத்தின் போக்கில் வளைந்தால் கட்டைவிரல் காட்டுவது சுருளுக்குள் புலம் செல்லும் திசை. மலிவான காந்த ஊசிகள் பக்கத்துக் காந்தம் பட்டு முனை மாறிக் கிடப்பதுண்டு, முதலில் வடக்கைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பேட்டரிக்குப் பதில் மாறுதிசை மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் தூள் வரிசைகட்டும், ஊசியோ வெறுமனே நடுங்கும்.

இனி படத்தில் உள்ள விஷயம். கம்பியை ஒட்டிய வளையங்கள் கிட்டத்தட்ட வட்டம். உள்பக்கம் போகப்போக நீண்டு நிமிரும். அச்சின் மேல், அதாவது மையத்தின் வழியே சுருளின் தளத்துக்குச் செங்குத்தாக, போகும் ஒரே ஒரு கோடுதான் வளையாமல் நேராகச் செல்கிறது. மையத்தில்தான் புலம் உச்சம் என்று பலர் எழுதுகிறார்கள், பாதிதான் சரி. அச்சின் வழியே நகர்ந்தால் மையம் உச்சம், சுருளின் தளத்தில் கம்பியை நோக்கி நகர்ந்தாலோ மையம்தான் மிகக் குறைவு. மையத்துக்கும் கம்பிக்கும் பாதி வழியில் புலம் மையத்தைவிட 25 சதவீதம் அதிகம். சுருளின் நடுவில் காந்த ஊசியை வைத்து, அது விலகும் கோணத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளக்கும் டேன்ஜென்ட் கால்வனோமீட்டரில் ஊசி அவ்வளவு குட்டையாக இருப்பது இதனால்தான். நீள ஊசியின் முனைகள் வேறு புலத்துக்குள் போய்விடும். அந்தக் கருவியில் 30 முதல் 60 டிகிரிக்குள் அளவெடுக்கச் சொல்வதற்கும் கணக்கு இருக்கிறது: ஒரு டிகிரி பிசகினால் 45-இல் பிழை 3.5 சதவீதம், 75-இல் 7 சதவீதம்.

நம் சுருளின் மையத்தில் 1.7 மில்லிடெஸ்லா (1,700 மைக்ரோடெஸ்லா), பூமியைப்போல் நாற்பது மடங்குக்கு மேல். அச்சில் 4 செ.மீ. தள்ளினால் அதில் 35 சதவீதம், 8 செ.மீ.இல் 9 சதவீதம், 12 செ.மீ.இல் வெறும் 3 சதவீதம். ஆகவே 10 செ.மீ.க்கு அப்பால் ஊசியை வைத்துக் கோடு வரைந்தால் அதில் பூமியின் பங்கும் கலந்திருக்கும். அதையே வேடிக்கையாகவும் பார்க்கலாம். அச்சை வடக்கு-தெற்காக வைத்து, சுருளுக்குள் புலம் தெற்கு நோக்கும்படி இணைத்தால், அச்சில் மையத்திலிருந்து 13 செ.மீ. தாண்டியதும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஊசி திக்குத் தெரியாமல் நிற்கும். இருபக்கமும் ஒவ்வொரு புள்ளி. பேட்டரி முனைகளை மாற்றிப் போட்டால் அவை அச்சை விட்டுவிட்டு, சுருளின் பக்கவாட்டில் 11, 12 செ.மீ. தூரத்துக்கு இடம்பெயர்ந்துவிடும்.